கட்டிங் செக்‌ஷன்ல வேலை, கை நடுங்குது. குடிய குறைக்க வழி இருக்கா?

ஆம்பூர்வாசி:
ஷூ கம்பெனில கட்டிங் செக்‌ஷன். வயசு 41. சாயந்திரம் ஒரு குவாட்டர், படுக்கறதுக்கு முன்ன இன்னொண்ணு. 11 வருஷமா இதான் கணக்கு. (கட்டிங்ல வேலை பாக்கறவன் கட்டிங்கோட நிறுத்தக்கூடாதான்னு கேக்காதீங்க. கம்பெனில எல்லாரும் கேட்டாச்சு.)

காலைல தோல் மேல டைய (வெட்டற அச்சு) வெக்கும்போது விரல் நடுங்குது. ஒரு நூல் நகந்தாலும் பீஸ் வேஸ்ட்டு. மதியம் 12 மணிக்கு கடை தொறந்ததும் ஒரு கட்டிங் (அரை குவாட்டர்) உள்ள போனா கை நின்னுடுது. அதான் பயமா கீது.

போன ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரில காவடி எடுக்கறேன்னு வேண்டிகினு ஒரே நாள்ல நிறுத்தினேன். ரெண்டாம் நாள் ராத்திரி பாத்தா செவுரு பூரா செவ்வெறும்பு, சாரசாரையா ஏறுது. வீட்டுக்காரிய எழுப்பி மண்ணெண்ணெ கொண்டாங்கறேன். அவ லைட்டப் போட்டு வெறுங்கையால செவுத்த தடவிக் காட்டறா. ஒண்ணுமில்ல. சாமி குத்தம்னுச்சு அம்மா. மறுநாளே பழையபடி ஆரம்பிச்சுட்டேன். காவடி பாக்கி.

பாதியாவது குறைக்க வழி சொல்லுங்கபா. அட்வைஸ் வேணாம், வீட்லயே நெறைய கெடைக்குது.

குடியாத்தம்_குமார்:
மனசு வெச்சா முடியும் ப்ரோ. எங்க மாமா ஒரே நாள்ல விட்டாரு. எலுமிச்சம்பழ ஜூஸ், மோர், அவ்ளோதான்.

பழைய_டேனரி:
தம்பி, எறும்பு சாமி குத்தம் இல்ல. குமார் நல்ல மனசோட சொல்றாரு, ஆனா உனக்கு அது ஆகாது. தினம் ஊத்திப் பழகின ஒடம்புல டக்குனு நிறுத்தினா ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். அதுக்கப்புறம் இல்லாததெல்லாம் தெரியும், எங்க இருக்கோம்னே புரியாது. உசுருக்கே ஆபத்து. எனக்கு ராணிப்பேட்டை பஸ் ஸ்டாண்டுல வலிப்பு வந்துச்சு. கையில சாவிக்கொத்த திணிச்சானுங்க, அதால ஒரு புண்ணியமும் இல்ல.

குவாட்டர்னா 180 மில்லி. பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும் பாரு. ஒரு குவாட்டர்லயே சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். நீ ரெண்டு அடிக்கிற, மதியம் கட்டிங் வேற. வீட்ல தனியா உக்காந்து குறைக்கிற அளவு இல்ல இது.

பாகாயத்துல சி.எம்.சி மனநல ஆஸ்பத்திரி இருக்கு. இல்லன்னா அடுக்கம்பாறை ஜி.எச்ல மனநல ஓ.பி. "மென்டல் ஆஸ்பத்திரிக்கா நானு"ன்னு ஆறு மாசம் கௌரவம் பாத்து வீணாப் போனேன். கடைசில போனப்ப, நடுக்கத்துக்கு மாத்திரை குடுத்து ஒரு வாரம் படிப்படியா குறைச்சாங்க, வைட்டமின் பி1 ஊசி போட்டாங்க. எவ்ளோங்கறது டாக்டர் வேலை, என்னைக் கேக்காத. டாக்டர பாக்கற வரைக்கும் மொத்தமா நிறுத்தாத. சாப்பிடாம குடிக்காத. அர்த்த ராத்திரில பயம் வந்தா 14416க்கு போன் போடு, அரசாங்க மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். எறும்போ வலிப்போ வந்தா 108.

பேர்ணாம்பட்டு_அக்கா:
அண்ணா, வீட்டம்மாகிட்ட ஒண்ணு சொல்லி வைங்க. "குடிப்பவருக்குத் தெரியாமல்"னு நோட்டீஸ் ஒட்டி விக்கிற குடி நிறுத்தற மருந்த நம்பி நான் எங்க வீட்டுக்காரருக்கு கொழம்புல கலந்தேன். அன்னைக்கும் குடிச்சிட்டு வந்தாரு. மொகம் செவந்து, வாந்தி, பிரஷர் எறங்கி, கொலகாரி ஆயிருப்பேன். அதுல என்ன மாத்திரைய பொடிச்சிருந்தானோ.

ஆம்பூர்வாசி:
அந்த நோட்டீஸ் நம்பர காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிருந்தா. இப்பதான் கிழிச்சேன். நாளைக்கே லீவு போடறேன். அடுக்கம்பாறைக்கு எந்த பஸ்ணா?

பழைய_டேனரி:
வேலூர் வந்து திருவண்ணாமலை போற பஸ்ல ஏறு. ஓ.பி. சீட்டு காலைலயே போடணும். எறும்பு கதைய மறைக்காம சொல்லு. வீட்டுக்காரியும் கூட வரட்டும், செவுத்த தடவினது அவதான.