இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கருதுகோள் எதற்கு?

குடியாத்தத்துத் தகப்பன்:
என் மகள் குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற வாரம் "உற்றுநோக்கல், வினா, கருதுகோள், சோதனை, முடிவு" என்று ஐந்து சொற்களை வாய்ப்பாடு போல ஒப்பித்தாள். கருதுகோள் என்றால் என்னம்மா என்று கேட்டேன், "மூன்றாவது" என்றாள். சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம் என்ற பொருள் அவளுக்குத் தெரியவில்லை. அறிவியல் முறை கற்பிக்கிறோம் என்கிறது பள்ளி. எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் வயதில் இது தேவைதானா? ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கென 2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் படிப்பையும் கணக்கையும்தான் முதன்மையாக்கியது. அரசுப் பள்ளிகளில் செய்முறை அறிவியலுக்கென அதே ஆண்டு வந்த வானவில் மன்றமோ ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வரிசையே சரி என்பது என் கருத்து.

காட்பாடி ஆசிரியை (ஓய்வு):
ஐயா, குறை அந்தச் சொற்பட்டியலில் இருக்கிறது. குழந்தையின் வயதில் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு சித்திரை மாதம் நான் செய்ததைச் சொல்கிறேன். வேலூர் வெயிலில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று கேட்டதற்கு, "மண் குளிர்ச்சி, டீச்சர்" என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். ஒரே குயவரிடம் ஒரே அளவில் இரண்டு பானைகள் வாங்கி, ஒன்றின் வெளிப்புறம் முழுவதும் எனாமல் பெயின்ட் பூசி, நன்றாகக் காயவிட்டு வைத்திருந்தேன். மண்தான் காரணமென்றால் இரண்டும் ஒன்றுபோலக் குளிர வேண்டும் அல்லவா? ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுதிவிட்டு, விடைக்கொன்றாக வரைந்த வட்டங்களில் தம் ஊகத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தார்கள். "இரண்டும் சமம்" என்ற வட்டத்தில்தான் கொட்டைகள் குவிந்தன.

மதியம் பார்த்தபோது பெயின்ட் பூசிய பானையின் நீர் அவ்வளவாகக் குளிரவில்லை. நீர் கசிந்து ஆவியாகும் துளைகள் அடைபட்டதே காரணம் என்று நான் விளக்க வாயெடுப்பதற்குள் ஒரு பையன் எழுந்து, "அந்தப் பானை ஜன்னலோரம் இருந்தது, டீச்சர், அது தப்பாட்டம்" என்றான். உண்மைதான், நான் கவனிக்கவில்லை. மறுநாள் இடத்தை மாற்றிவைத்து மறுபடியும் பார்த்தோம். கருதுகோள் என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை.

ஆம்பூர்ப் பொறியாளர்:
அம்மா, சுவையான நிகழ்ச்சிதான். ஆனால் எழுந்து கேட்டவன் ஒருவன், மற்ற முப்பது பேர் என்ன கற்றார்கள் என்பது நமக்குத் தெரியாது. 1999-இல் சென், கிளார் என்ற இருவர் அமெரிக்காவில் இரண்டு முதல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்துச் சோதிப்பதைக் கற்பித்துப் பார்த்தார்கள். நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கற்றதை வேறுவகைச் சிக்கலுக்குக் கொண்டுபோவதில் நான்காம் வகுப்பார் தேறினார்கள், இரண்டாம் வகுப்பார் தடுமாறினார்கள். எனவே இரண்டு ஆண்டுகள் பொறுப்பதில் இழப்பில்லை.

பாடப்பொருள் பற்றிய அறிவு இல்லாமல் முறை மட்டும் நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பழைய வடஆர்க்காட்டிலேயே சான்று இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதைப் பதிவு செய்யக் காவலூர் வானாய்வகத்தில் 1 மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தவர்கள், மறைப்புக்கு முன்பே விண்மீனின் ஒளி சற்று மங்கியதைக் கண்டார்கள்; அமெரிக்கக் குழு ஒன்று வானூர்தியிலிருந்து எடுத்த பதிவுகளும் சேர, யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. எப்போது மறையும் என்று கணக்கிடத் தெரிந்தவர்களுக்குத்தான் முன்கூட்டி மங்கியது புதிராகப் படும்.

காட்பாடி ஆசிரியை (ஓய்வு):
காவலூரைச் சொன்னதற்கு நன்றி, ஐயா. அது என் பக்கத்துச் சான்றும்கூட. எதிர்பாராத மங்கலையும் அவர்கள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் பானையைத் தொட்டுப் பார்த்ததும் பிள்ளைகள் செய்த முதல் வேலை, நோட்டில் எழுதியிருந்த தம் ஊகத்தை ரப்பரால் தேய்த்துவிட்டுச் சரியான விடையை எழுதியதுதான். தவறான விடை என்றால் சிவப்பு மை விழும் என்ற பயம் ஏழு வயதிலேயே அவர்களுக்குள் ஊறிவிட்டது. அன்று முதல் அறிவியல் வகுப்புக்கு ரப்பர் எடுத்துவரக் கூடாது என்று சொன்னேன். நீங்கள் சொல்லும் ஆய்வை நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பது நான்காம் வகுப்புவரை காத்திருக்கலாம். ஊகத்தை அழிக்காமல் விட்டுவைக்கும் பழக்கம் அதுவரை காத்திருந்தால் ரப்பர் வென்றுவிடும்.

ஆம்பூர்ப் பொறியாளர்:
ரப்பர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதை நல்ல பழக்கம் என்று சொல்லுங்கள். அறிவியல் முறை என்று பெயரிட்டதும் ஏதாவதொரு பள்ளி அதை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிடும். ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் பார்க்கும் மலைப்பள்ளியில் இரண்டு பானையும் இரண்டு நாளும் யாருக்கு வாய்க்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காட்பாடி ஆசிரியை (ஓய்வு):
ஜவ்வாது மலையில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை, ஐயா. நேரம் பற்றிச் சொன்னது மட்டும் நியாயம். அதற்கு என்னிடம் விடை இல்லை.

குடியாத்தத்துத் தகப்பன்:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு கிண்ணங்களில் பச்சைப்பயறு ஊறவைத்து, ஒன்றை அலமாரிக்குள்ளும் ஒன்றை முற்றத்திலும் வைத்திருக்கிறோம். இருட்டில் முளைக்காது என்று அவள் பேனாவில் எழுதியிருக்கிறாள். ஆனால் ஒரு சிக்கல்: வரும் திங்கட்கிழமைத் தேர்வில் அந்த ஐந்து சொற்களையும் வரிசையாக எழுதச் சொல்வார்களாம். என்ன செய்வது?

ஆம்பூர்ப் பொறியாளர்:
எழுதட்டும், ஐயா. ஐந்து மதிப்பெண் அல்லவா.