சொகுசு கார் லீஸ்: மாதம் 4,060 ரிங்கிட் நியாயமா? கையெழுத்துக்கு முன் எதைப் பேரம் பேசுவது?

மெர்தாஜாம்வாசி:
வணக்கம். என் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) கம்பெனி பெயரில் ஒரு ஜெர்மன் செடான் (1,998 சிசி, புதுசு) எடுக்கப் பார்க்கிறேன். கையில் இரண்டு ஆஃபர்.

முதலாவது, பிராண்டின் சொந்த ஃபைனான்ஸ். ஆன்-தி-ரோட் விலை 320,000 ரிங்கிட், முன்பணம் 32,000, 48 மாதம், மாதம் 4,060. முடிவில் ஜிஎஃப்வி 144,000. அதாவது அந்த விலைக்குக் காரைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று உறுதி தருகிறார்கள். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் வரம்பு.

இரண்டாவது, கோலாலம்பூர் லீசிங் கம்பெனி ஒன்று. முன்பணம் இல்லை, மூன்று மாத டெபாசிட் மட்டும். மாதம் 5,450, 48 மாதம். காப்புறுதி, ரோட் டேக்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் அதிலேயே அடக்கம்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தினமும் போய் வருகிறேன். மாதம் இரண்டு தடவை கேஎல் ஓட்டமும் உண்டு. "லீஸ் எடுத்தால் முழு வாடகையையும் கம்பெனி செலவாகக் காட்டலாம்" என்று சேல்ஸ்மேன் சொல்கிறார். வட்டி எவ்வளவு என்று கேட்டால் "மாதத் தவணையைப் பாருங்கள் பாஸ்" என்பதுதான் பதில். எது நல்லது? எதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்?

ஸ்டியரிங்:
முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முதல் ஆஃபரில் நீங்கள் கையெழுத்துப் போடப்போவது ஹயர் பர்ச்சேஸ் (தவணைக் கொள்முதல்) ஒப்பந்தமா, லீஸ் (வாடகை) ஒப்பந்தமா? ஷோரூமில் இரண்டையும் "லீஸ்" என்றே சொல்வார்கள். கிரான் (காரின் உரிமைச் சான்றிதழ்) யார் பெயரில் வரும் என்று கேட்டால் தெரிந்துவிடும். உங்கள் கம்பெனி பெயரில் கிரான் வந்து, ஃபைனான்ஸ் கம்பெனி ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) ஹக் மிலிக் (உரிமைக் கோரல்) போட்டால் அது ஹயர் பர்ச்சேஸ். கிரானே அவர்கள் பெயரில் என்றால் லீஸ்.

இது வெறும் பெயர் விஷயமில்லை. ஹயர் பர்ச்சேஸ் என்றால் 1967-ஆம் ஆண்டு ஹயர் பர்ச்சேஸ் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். ஒப்பந்தத்துக்கு முன்பே இரண்டாம் அட்டவணை நோட்டீஸை எழுத்தில் தர வேண்டும். ரொக்க விலை, முன்பணம், வட்டித் தொகை எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். புக்கிங் பணமும் ரொக்க விலையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உங்கள் காருக்கு 3,200 வரை. வாங்கும் உரிமை இல்லாத வெறும் வாடகை லீஸுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி. ஒவ்வொரு வரியையும் படித்தே ஆக வேண்டும்.

பிறைபாலன்:
வட்டி சொல்ல மாட்டேன் என்றால் நாமே கண்டுபிடித்துவிடலாம். அவர் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது.

320,000-இல் முன்பணம் 32,000 போனால் கடன் 288,000. எக்ஸெலில் 'ரேட்' ஃபங்ஷனைத் திறந்து நான்கு எண்களை வரிசையாகப் போடுங்கள்: 48, மைனஸ் 4060, 288000, மைனஸ் 144000. வரும் விடையை 12-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 5.78 சதவீதம். இதுதான் நீங்கள் உண்மையில் கட்டும் ஆண்டு வட்டி. மைனஸ் குறியை விட்டுவிட்டால் தப்பான விடை வரும், கவனம்.

பணமாகப் பார்த்தால் 4,060 × 48 = 194,880. அதோடு 144,000 சேர்த்து 288,000-ஐக் கழித்தால் மொத்த வட்டி 50,880.

சேல்ஸ்மேன் ஒருவேளை "ஃப்ளாட் 4.4 தான்" என்று சொல்லலாம். ஃப்ளாட் என்றால் கடன் குறையக் குறைய வட்டியைக் குறைக்காமல், முதலில் வாங்கிய முழுக் கடனுக்கும் போடும் வட்டி. 50,880-ஐ 288,000-ஆலும் 4 ஆண்டாலும் வகுத்தால் 4.42 வரும், கணக்கு பொய்யில்லை. ஆனால் ஃப்ளாட் வட்டியை வைத்து இரண்டு திட்டங்களை ஒப்பிடவே கூடாது. சாதாரண 5 ஆண்டு ஹயர் பர்ச்சேஸில் ஃப்ளாட் 2.5 என்றால் உண்மை வட்டி 4.7-க்குப் பக்கத்தில் வரும். கடைசியில் பெரிய தொகையை நிறுத்தி வைக்கும் திட்டத்தில் ஃப்ளாட்டுக்கும் உண்மை வட்டிக்கும் உள்ள உறவே வேறு. 'எஃபெக்டிவ்' வட்டியை (உண்மை வட்டி) மட்டும் கேளுங்கள்.

இனி பேரத்துக்கு வருவோம். உங்கள் எண்களில் எதை அசைத்தால் என்ன ஆகும்:
கார் விலையில் 1,000 குறைந்தால் மாதத்துக்கு 23 ரிங்கிட் 40 சென் குறையும். 15,000 குறைத்தால் 351.
வட்டியில் அரை சதவீதம் குறைந்தால் மாதம் 92.
ஜிஎஃப்வி 10,000 கூடினால் மாதம் 186 குறையும். ஆனால் முடிவில் காரை வைத்துக்கொள்ள நினைத்தால் அந்த 10,000-ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும்.

விலை, முன்பணம், வட்டி, ஜிஎஃப்வி, மாத எண்ணிக்கை. இந்த ஐந்தையும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாதத் தவணை என்பது இந்த ஐந்தின் விளைவு. அதை நேரடியாகக் குறைக்கச் சொன்னால் அவர்கள் தங்களுக்கு வசதியான எண்ணை அசைத்துக் குறைத்துக் காட்டுவார்கள்.

செந்தூல் கணக்காளர்:
தம்பி, வரி விஷயத்தில் சேல்ஸ்மேன் சொன்னது சரியில்லை. இதை நம்பிப் பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

வருமான வரிச் சட்டம் 1967, பிரிவு 39(1)(கே). வணிகப் போக்குவரத்து உரிமம் இல்லாத காரின் லீஸ் வாடகையில் செலவாகக் கழிக்க உச்சவரம்பு 50,000 ரிங்கிட். கார் புதுசாகவும் விலை 150,000-க்கு மேற்படாமலும் இருந்தால் மட்டுமே 100,000. உங்கள் கார் 320,000, ஆக 50,000 தான். இது ஆண்டுக்கு 50,000 என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். அந்தக் காருக்கு லீஸ் காலம் முழுமைக்கும் சேர்த்து 50,000. மாதம் 5,450 என்றால் ஒன்பது மாதத்தில் 49,050 ஆகிவிடும். பத்தாம் மாதமே வரம்பு முடிந்தது. மீதி 38 மாத வாடகையையும் வரிக் கணக்கில் லாபத்தோடு திரும்பக் கூட்டியாக வேண்டும்.

ஹயர் பர்ச்சேஸ் என்றால் மூலதனக் கழிவுக்குத் (காரின் விலையை ஆண்டுதோறும் பகுதி பகுதியாக வரியில் கழிப்பது) தகுதியான தொகையும் அதே 50,000 தான் (முதல் கழிவு 20 சதவீதம், ஆண்டுக் கழிவு 20 சதவீதம்). ஆனால் வட்டியைத் தனிச் செலவாகக் காட்டலாம், கார் தொழிலுக்குப் பயன்படும் அளவுக்கு. பாலன் கணக்குப் போட்ட 50,880 வட்டி இங்கேதான் உதவும். வரி மட்டும் பார்த்தால் முதல் ஆஃபர் ஹயர் பர்ச்சேஸாக இருந்தால் அதுதான் மேல்.

கம்பெனி காரை டைரக்டரான நீங்களே ஓட்டினால் அது உங்களுக்குப் பொருள்வகைச் சலுகை (பணமாக இல்லாமல் கம்பெனி தரும் சலுகை). உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் நிர்ணய அட்டவணைப்படி 250,001 முதல் 350,000 வரை விலையுள்ள காருக்கு ஆண்டுக்கு 15,000, பெட்ரோலும் கம்பெனி கொடுத்தால் இன்னும் 2,400, உங்கள் தனிப்பட்ட வருமானத்தில் சேரும். இதை ஈஏ பாரத்தில் (ஆண்டுச் சம்பள அறிக்கை) காட்ட வேண்டும்.

மின்சாரக் கார் யோசித்துப் பார்த்தீர்களா? வணிகமல்லாத மின்சாரக் காரின் வாடகைக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை 300,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. அந்த ஒரு இடத்தில் லீஸுக்கு நல்ல ஆதாயம் இருக்கிறது.

இன்னொன்று: 2025 ஜூலை 1 முதல் லீஸ், வாடகைச் சேவைகள் சேவை வரிக்குள் வந்துவிட்டன. அந்த 5,450 வரி சேர்த்தா, சேர்க்காமலா? வரி ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் மாதம் 54.50, 48 மாதத்துக்கு 2,616. எழுத்தில் வாங்குங்கள்.

மெர்தாஜாம்வாசி:
நன்றி அக்கா, இது தெரியாமல் இருந்திருந்தால் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். பாலன் அண்ணே, கணக்கு போட்டுப் பார்த்தேன், 5.78 தான் வருகிறது. முதல் ஆஃபர் ஹயர் பர்ச்சேஸ்தான், கிரான் கம்பெனி பெயரில் என்று உறுதிப்படுத்தினார்கள். விலை நாடு முழுக்க ஒரே விலை, குறைக்க முடியாது என்கிறார் சேல்ஸ்மேன். அப்படியானால் பேரமே இல்லையா?

ஸ்டியரிங்:
இருக்கிறது. பட்டியல் விலை அசையாவிட்டால் வட்டிச் சலுகை கேளுங்கள். 5.78-ஐ 4.5-க்குக் கொண்டுவந்தால் தவணை 3,824. அதாவது 48 மாதத்தில் 11,000-க்கு மேல் மிச்சம். பழைய காரை டிரேட்-இன் கொடுக்கிறீர்கள் என்றால் வெளியே இரண்டு யூஸ்ட் கார் கடையில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். டிரேட்-இன் விலையைக் கூட்டித் தருவதும் ஒரு தள்ளுபடிதான். டின்டட், டேஷ்கேம், குடை இவற்றைத் தள்ளுபடியாக எண்ணாதீர்கள்.

ஸ்டாக் காரைப் பற்றியும் கேளுங்கள். சென்ற ஆண்டு தயாரிப்பு இந்த ஆண்டு பதிவாகாமல் நின்றால், அதைத் தள்ள அவர்களுக்கு அவசரம் இருக்கும். சாதாரணக் கடனில் பழைய தயாரிப்பு ஆண்டை எடுத்தால் மறுவிற்பனையில் அடி வாங்கும். ஜிஎஃப்வி திட்டத்தில் நிலைமை வேறு. முடிவு விலை ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது, திருப்பிக் கொடுப்பவருக்கு அந்த மறுவிற்பனை நஷ்டம் வராது, தள்ளுபடி முழுக்க அவர் பையில். ஒரே நிபந்தனை, அந்தக் காருக்கும் ஜிஎஃப்வி அதே 144,000 தானா என்று பாருங்கள். தயாரிப்பு ஆண்டைக் காட்டி அதையும் குறைத்தால் ஆதாயம் கரைந்துவிடும்.

"எங்கள் ஃபைனான்ஸ் எடுத்தால்தான் கழிவு" என்பதும் சகஜம். அதனால் வங்கிக் கடன் விலை, அவர்கள் ஃபைனான்ஸ் விலை இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஆனால் ஏழெட்டு வங்கியில் விண்ணப்பம் போடாதீர்கள், சிசிரிஸில் (வங்கிகள் பார்க்கும் கடன் தகவல் பதிவேடு) எல்லாம் பதிவாகும்.

பிறைபாலன்:
கிலோமீட்டரை யாரும் தொடவில்லையே. இந்த ஆஃபரில் எனக்கு அதுதான் பெரிய கவலை.

தினமும் போய் வர 50 கிலோமீட்டர் என்று வைத்தாலும் மாதம் 1,100. கேஎல் போய் வர ஏறக்குறைய 700, இரண்டு தடவை 1,400. மொத்தம் மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000. வரம்போ 20,000. நான்கு ஆண்டில் 40,000 கிலோமீட்டர் அதிகம். திருப்பிக் கொடுக்கும்போது கிலோமீட்டருக்கு 50 சென் என்றால் 20,000 ரிங்கிட் கட்ட வேண்டிவரும். உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை சென் என்று பாருங்கள்.

30,000 கிலோமீட்டர் திட்டம் கேளுங்கள். அதில் ஜிஎஃப்வி குறையும், தவணை கூடும். 10,000 குறைந்தால் மாதம் 186, மொத்தம் 8,928. அதை 40,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 22 சென். அபராதம் 22 சென்னுக்கு மேல் என்றால் 30,000 திட்டமே மலிவு. ஜிஎஃப்வி 20,000 குறைத்தால் அந்தக் கோடு 45 சென்னில் இருக்கும். காரை வைத்துக்கொள்வது உறுதி என்றால் இந்த அபராதம் உங்களைத் தொடாது.

லீசிங் கம்பெனி ஆஃபரையும் இதே கண்ணோடு பாருங்கள். 5,450 × 48 = 261,600. முதல் ஆஃபரில் 194,880 + 32,000 = 226,880. வித்தியாசம் 34,720, ஆண்டுக்கு 8,680. அந்த 8,680-க்குள் காப்புறுதி, ரோட் டேக்ஸ், சர்வீஸ், டயர் அடங்குமா என்பதுதான் கேள்வி. புதுக் காரோடு இலவச சர்வீஸ் பேக்கேஜ் ஏற்கெனவே வருகிறதென்றால், அதற்கு லீசிங் கம்பெனியிடம் மறுபடி காசு கொடுக்கிறீர்கள். ரோட் டேக்ஸ் தனியார் பெயரில் 379 வாக்கில் வரும், கம்பெனி பெயரில் கூடுதல்.

செந்தூல் கணக்காளர்:
காப்புறுதியில் ஒரு வார்த்தை. உங்கள் சொந்தப் பெயரில் 55 சதவீத என்சிடி (இழப்பீடு கேட்காததற்கான காப்புறுதித் தள்ளுபடி) இருந்தாலும் கம்பெனி பெயர் காருக்கு அது வராது. லீஸ் காரில் என்சிடி சேர்வதும் லீசிங் கம்பெனிக்குத்தான், நான்கு ஆண்டு கழித்து உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. பாலிசியை 'அக்ரீட் வேல்யூ'வில் (முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கார் மதிப்பு) எடுங்கள். வெள்ளத்துக்கான கூடுதல் காப்பை (ஸ்பெஷல் பெரில்ஸ்) கட்டாயம் சேருங்கள், சாதாரண முழுக் காப்புறுதியில் அது கிடையாது. கார் மூழ்கினாலும் கடன் மூழ்காது.

ஸ்டியரிங்:
திருப்பிக் கொடுக்கும்போது ஜிஎஃப்வியில் கழிப்பது பெரும்பாலும் ரிம் உரசல், டயர், கண்ணாடிச் சில்லு, சர்வீஸ் புத்தகத்தில் விட்டுப்போன தேதி. 'நியாயமான தேய்மானம்' எது என்ற வழிகாட்டியைக் கையெழுத்துக்கு முன்பே வாங்குங்கள். டயர் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் கேட்கிறார்கள் என்று அதில் இருக்கும், சட்டப்படி குறைந்தபட்சமான 1.6-ஐ விடக் கூடுதலாகக் கேட்கலாம். முடிவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது சந்தை விலை விசாரியுங்கள். 144,000-க்கு மேல் போகிறதென்றால் திருப்பிக் கொடுக்காதீர்கள், டிரேட்-இன் செய்து மிச்சத்தை நீங்கள் எடுங்கள்.

நடுவில் விட்டுவிட்டால் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். உங்கள் வட்டியில் 24-ஆம் மாத முடிவில் மீதிக் கடன் 220,000 வாக்கில் நிற்கும். அவர்கள் சொல்லும் தொகை அதைவிட அதிகமென்றால் எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மெர்தாஜாம்வாசி:
இன்று புது ஆஃபர் வந்தது. மாதம் 3,780-ஆகக் குறைத்துவிட்டார்கள். முன்பணம் 45,000. மற்றதெல்லாம் அதேதான். எடுக்கலாமா?

பிறைபாலன்:
வேண்டாம். முன்பணத்தை 13,000 கூட்டியிருக்கிறார்கள். அதே 5.78 வட்டியில் 275,000 கடனுக்குத் தவணை 3,757 வர வேண்டும். அவர்கள் சொல்வது 3,780. குறைத்ததாகக் காட்டி மாதம் 23 ரிங்கிட் ஏற்றியிருக்கிறார்கள்.

இப்படி எழுதி அனுப்புங்கள்: "முன்பணம் 32,000, 48 மாதம், ஜிஎஃப்வி 144,000 மாறக் கூடாது. விலை அல்லது டிரேட்-இன் மூலம் 12,000 கழிவு, எஃபெக்டிவ் வட்டி 4.8." அந்தக் கணக்கில் தவணை 3,604. அதற்கு மேல் என்ன சொன்னாலும் ஐந்து எண்களோடு பதில் வரட்டும், இங்கே போடுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறோம். 30,000 கிலோமீட்டர் திட்டத்தின் ஜிஎஃப்வியையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள்.