லோடு வண்டி மண்ணுல இறங்காதாமே!

சந்தூரான்:
நேத்து ராத்திரி நாலு_சக்கரம் இங்க எழுதினதைப் படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. படிக்காதவங்களுக்காக அப்படியே எடுத்துப் போடுறேன்: "சின்ன ரோட்டுல எதிர்ல லோடு வண்டி வந்தா டூவீலர்தான் மண்ணுல இறங்கி வழி விடணும். லோடு வண்டி தாரை விட்டு இறங்கினா சாஞ்சிடும். வண்டி ஓட்டுற எவனுக்கும் இது தெரியும்."

தெரியாத ஒருத்தன் இருக்கேன், சொல்லிக்கொடுங்க சாமி. முந்தாநாள் சாயங்காலம் சந்தூர்லேர்ந்து மத்தூர் பக்கம் போற குறுக்கு ரோடு, புளியமரங்க இருக்கிற வளைவு. மாங்காயைக் குவியலா ஏத்திக்கிட்டு ஒரு பிக்கப் நடுத்தாரைப் புடிச்சுக்கிட்டு வருது. எதிர்ல எங்க ஊர் பால்காரர், எக்ஸெல் வண்டியில ரெண்டு பக்கமும் கேன். அவர்தான் இறங்கினார். தாருக்கும் மண்ணுக்கும் நடுவுல அரை அடி பள்ளம். முன்சக்கரம் மடங்கி, கேன் போய் வேலிக் கல்லுக்கால்ல மோதி மூடி பறந்து, பால் பூரா பூமாதேவிக்கு அபிஷேகம். முழங்கையில தோல் உரிஞ்சு ரத்தம். பிக்கப் நிக்கவே இல்ல. ஹாரன் மட்டும் அடிச்சிட்டுப் போச்சு, ஆசீர்வாதம் பண்ற மாதிரி.

எங்க மோட்டார் கொட்டாயிலேர்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். பிக்கப்போட இடது சக்கரம் ஒரு விரக்கடைகூட தாரை விட்டு இறங்கல. ஒரு விரக்கடை.

நாலு_சக்கரம்:
சந்தூரான் அண்ணே, சுத்தி வளைக்காதீங்க. அது என் வண்டிதான், ஓட்டினது என் மச்சான். நான் மறைக்கல. ஆனா இடது சக்கரம் மண்ணுல இறங்கித்தான் இருந்துச்சு. நேத்து காலையில நானே போய்ப் பார்த்தேன், டயர் தடம் அப்படியே இருக்கு. போட்டோ கீழ போட்டிருக்கேன். பால்காரர் இன்னொரு கையில செல்போன் வச்சிருந்தாரா இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்க.

பர்கூர்_பையன்:
ஒரு நிமிஷம். லோடு வண்டி மண்ணுல இறங்கினா சாஞ்சிடும்னு சொன்னது நீங்க. இப்போ மண்ணுல இறங்கிச்சுங்கிறதும் நீங்க. அப்போ வண்டி சாஞ்சுதா?

நாலு_சக்கரம்:
தம்பி, பெரியவங்க பேசும்போது குறுக்க வராதே.

சந்தூரான்:
போட்டோ பார்த்தேன். பெரிசு பண்ணிப் பார்த்தேன். அது டிராக்டர் தடம். மாட்டுக்கொம்பு மாதிரி ரெண்டு பக்கமும் சாய்வா கட்டை கட்டையா பதிஞ்சிருக்கே, பிக்கப் டயர்ல ஏதுங்க அந்தக் கட்டை? பிக்கப் தடம்னா நீள வரியா இருக்கும். வண்டி வச்சிருக்கேன்னு சொல்றவருக்கு டயர் தெரியல. முந்தாநாள் மத்தியானம் மழை பெஞ்சப்புறம் எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டர் அந்தப் பக்கம்தான் போச்சு.

இடது சக்கரம் தார் மேலதான் இருந்துச்சு.

சாலைப்பணி_ஓய்வு:
ஐயா, நான் நெடுஞ்சாலைத் துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அளவு தெரியாம ரெண்டு பேரும் பேசறீங்க. ஒருவழித்தடச் சாலைன்னா தார் அகலம் 3.75 மீட்டர், அதாவது பன்னிரண்டேகால் அடி. 2000-ல வந்த பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்துல போக்குவரத்து கம்மியான ரோட்டுக்கு 3 மீட்டரே போதும்னு வச்சிருக்காங்க. லாரி, பஸ் 2.6 மீட்டர் அகலம் வரைக்கும் இருக்கலாம்னு விதி. 3.75-ல 2.6 போனா மிச்சம் 1.15. அதுல எதிர்வண்டி எப்படிப் போகும்? ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இடது சக்கரத்தை மண்ணுல இறக்கித்தான் ஆகணும். அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் பெர்ம், அதாவது தாரை ஒட்டின மண் ஓரம், விடறது. லோடு இருந்தாலும் இறங்கலாம், மெதுவா இறங்கணும். பெர்ம் சரியா இருந்தா ஒண்ணும் சாயாது.

நாலு_சக்கரம்:
"பெர்ம் சரியா இருந்தா". அதைத்தான் சார் நானும் சொல்றேன். உங்க துறை ஆளுங்க தார் மேல தார் ஊத்திக்கிட்டே போறாங்க, ஓரத்துக்கு ஒரு யூனிட் கிராவல் கொட்டறதில்ல. ரோடு மேல ஏறிக்கிட்டே போகுது, மண்ணு கீழயே கிடக்குது. ஒன்றரை டன் மாங்காயோட அரை அடி பள்ளத்துல ஒரு பக்கம் இறக்கினா வண்டி என்னாகும்? நீங்க வந்து நிமிர்த்துவீங்களா?

சாலைப்பணி_ஓய்வு:
அது ஊராட்சி ஒன்றியத்து ரோடு, எங்க துறை ரோடு இல்ல.

நாலு_சக்கரம்:
பள்ளத்துக்குத் தெரியுமா சார் எந்தத் துறைன்னு?

அரூர்_டீச்சர்:
இவங்க ரெண்டு பேரும் சக்கரத்தை அளந்துக்கிட்டு இருக்கட்டும். சாயங்காலம் ஆறரைக்கு மேல மொரப்பூர் பக்கம் ஸ்கூட்டியில வந்து பாருங்க. டிராக்டருக்குப் பின்னாடி லைட்டே கிடையாது, டிரெய்லர் ரெண்டு பக்கமும் கரும்பு பிதுங்கி நிக்கும். எதிர்ல வர்றவன் நாலஞ்சு எல்இடி ஃபோகஸ் கட்டிக்கிட்டு டிம் பண்ணாம வருவான். கண்ணு கட்டிப் போயிடும். அந்த நேரத்துல மண்ணு எங்க, தார் எங்கன்னு யாருக்குத் தெரியுது? போன மாசம் ஒரு மினி பஸ் என் கண்ணாடியைத் தட்டிட்டு நிக்காமப் போச்சு. மறுநாள் கண்டக்டரைக் கேட்டா, "நீங்க ஏங்க மேடம் ரோட்டுல வந்தீங்க"ங்கிறார். வேற எங்க வர்றதாம்?

சந்தூரான்:
டீச்சர் அம்மா சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா இப்போ பேச்சு இடது சக்கரம் பத்தி. அதை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தா இவர் தப்பிச்சுக்குவார்.

அஞ்செட்டி_வழி:
எங்க பக்கம் தேன்கனிக்கோட்டை ரோட்டுல யானை எதிர்ல வரும். அது தாரை விட்டு இறங்கறதே இல்ல. யாரும் அதுகிட்ட சட்டம் பேசினதாத் தெரியல.

பர்கூர்_பையன்:
யானைக்கு மச்சான் இல்லபோல.

நாலு_சக்கரம்:
சிரிங்க சிரிங்க. சட்டம்னீங்களே, சட்டமே சொல்றேன். மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை, 2017. மலைப்பாதையிலயும் செங்குத்தான ரோட்டுலயும் ரெண்டு வண்டி தாராளமாப் போக இடம் இல்லைன்னா, கீழ இறங்குற வண்டி நின்னு, மேல ஏறுற வண்டிக்கு வழி விடணும். என் வண்டி ஏத்தத்துல வந்துச்சு. பால்காரர் இறக்கத்துல வந்தார். அப்போ யார் நிக்கணும்? வத்தல்மலை ஏறுறவனுக்கெல்லாம் இது தெரியும்.

சந்தூரான்:
ஏத்தமா! சந்தூர்–மத்தூர் குறுக்கு ரோட்டுல ஏத்தம்! வத்தல்மலையைத் தூக்கிக் கொண்டாந்து எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல வைக்கிறாரே இந்த மனுஷன். அந்த இடத்துல தண்ணி ஊத்தினா எந்தப் பக்கம் ஓடறதுன்னு தண்ணிக்கே தெரியாது. அப்படியே ஏத்தம்னு வச்சுக்கிட்டாலும் பால்காரர் நின்னாரு, இறங்கினாரு, விழுந்தாரு. அதுக்கு மேல என்ன வழி விடணும்? வேலிக்குள்ள போயி மாமரத்துல ஏறிக்கணுமா?

இடது சக்கரம் தார் மேலதான் இருந்துச்சு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரலை.

நாலு_சக்கரம்:
பதில் சொல்லியாச்சு. மண்ணுல இருந்துச்சு. லேசா ஏத்தம்தான். லோடு வண்டி ஓட்டுறவனுக்குத்தான் அது தெரியும், கொட்டாயில உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. அங்கேருந்து வளைவு தெரியவே தெரியாதே, நடுவுல சீமைக்கருவேலம் புதர் நிக்குது.

சந்தூரான்:
அந்தப் புதரை வெட்டினது போன தை மாசம். என் காசு, என் ஆளு. பஞ்சாயத்துல கேட்டுக் கேட்டுப் பார்த்து நானே வெட்டினேன். இப்போ அதையும் மறுபடி முளைக்க வைக்கிறீங்களா?

காரிமங்கலத்தான்:
பொதுவாச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. டிஎன் 24, அதான் கிருஷ்ணகிரி நம்பர் வண்டிக்காரங்களுக்கு ரோடு அவங்க அப்பா வீட்டுச் சொத்துன்னு நெனப்பு. மாங்கா சீசன் வந்தாப் போதும், கூழ் ஃபேக்டரி வாசல்ல முதல்ல நிக்கணும்னு பறக்கறது.

ஊத்தங்கரை_24:
வந்துட்டாருப்பா டிஎன் 29 தர்மபுரி ஒழுக்கசீலர்! பாலக்கோட்டுலேர்ந்து ராத்திரி தக்காளி கிரேட் ஏத்திக்கிட்டு வர்ற வண்டிங்க எந்த நம்பர்? ஆடி 18-க்கு ஒகேனக்கல் போற பென்னாகரம் ரோட்டுல மூணு வரிசையா வண்டியை நிறுத்தறது யாரு?

காரிமங்கலத்தான்:
ஆடி 18-க்கு வர்றதுல பாதி கர்நாடகா வண்டி. 2004-ல எங்க தர்மபுரியிலேர்ந்து ஜில்லாவைப் பிரிச்சுக்கிட்டுப் போனீங்க, கூடவே ஒழுக்கத்தையும் கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்.

ஊத்தங்கரை_24:
நாங்க போனப்புறம்தானே உங்ககிட்ட அது இல்லைன்னு தெரிஞ்சுது.

நாலு_சக்கரம்:
என் வண்டி டிஎன் 29 தான், அதுக்கென்ன இப்போ?

ஊத்தங்கரை_24:
ஆங்! வெளிய வந்துச்சு பாருங்க.

அரூர்_டீச்சர்:
பால்காரருக்கு இப்போ எப்படி இருக்குன்னு யாராவது கேட்டீங்களா?

சந்தூரான்:
நல்லா இருக்கார். கட்டுப் போட்டிருக்கார். இன்னிக்குக் காலையில பால் ஊத்தினது அவர் பையன். அவரே எங்கிட்ட சொன்னார், "இடது சக்கரம் தார் மேலதாங்க இருந்துச்சு"ன்னு.

நாலு_சக்கரம்:
விழுந்துக்கிட்டு இருக்கிறவர் இடது சக்கரத்தைப் பார்த்தாராக்கும்! அவர் பக்கம் தெரிஞ்சது என் வண்டியோட வலது பக்கம். இடது சக்கரம் அந்தாண்ட கோடியில இருக்குது. அவர் எப்படிப் பார்த்தார்? அதைச் சொல்லுங்க முதல்ல.

சாலைப்பணி_ஓய்வு:
இது நியாயமான கேள்விதான்.

சந்தூரான்:
ஓய்வு சார், நீங்க அளவை மட்டும் சொல்லுங்க, நியாயத்தை நாங்க பார்த்துக்கிறோம். உங்க அளவுப்படியே வரேன். தார் பன்னிரண்டேகால் அடி. பிக்கப் அகலம் ஆறடி வச்சுக்குங்க. இடது சக்கரம் மண்ணுல இருந்திருந்தா வலது பக்கம் ஆறடிக்கு மேல தார் சும்மா கிடக்கும். ஆறடி தாரை விட்டுட்டு எந்தப் பைத்தியக்காரன் கேனோட பள்ளத்துல இறங்குவான்? கணக்குப் போட்டுப் பாருங்க. இடது சக்கரம் தார் மேலதான். தார் மேலதான். பெங்களூரு ரோட்டுல ஓட்டுற நெனப்புலயே எங்க ஊர் ரோட்டுக்குள்ள வர்றாங்க. பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தாலும் இப்படித்தான் விடமாட்டாங்க. அதுக்கு 2019 திருத்தத்துல 10,000 ரூபாய் அபராதம் போட்டிருக்காங்க, தெரியுமா?

பர்கூர்_பையன்:
ஆம்புலன்ஸ் எப்போ வந்துச்சு?

சந்தூரான்:
வந்தாங்கிறேன்.

நாலு_சக்கரம்:
கணக்கு பத்தி நீங்க பேசறீங்களா அண்ணே? சரி, நானும் பேசறேன். போன சீசன்ல உங்க பெங்களூரா ரக மாங்காயை ஃபேக்டரிக்கு ஏத்திக்கிட்டுப் போனது இதே வண்டிதான். ராத்திரி பூரா டோக்கனுக்கு நின்னேன். வெயிட்டிங் வாடகை இன்னிவரைக்கும் வரல. அந்தக் கோவத்தை சக்கரத்து மேல காட்டறீங்க.

சந்தூரான்:
இதோ பாருங்க மக்களே, எங்க சுத்தி எங்க வந்து நிக்கிறார்னு. வாடகை ஏன் நின்னுச்சுன்னும் சொல்லுங்களேன்? எங்க ஊர் எடைமேடையில போட்ட எடை ஒண்ணு, அங்க ஃபேக்டரியில போட்ட எடை ஒண்ணு. நடுவுல நூறு கிலோவுக்கு மேல காணோம். விலை கிடந்த கிடப்புல அந்த நூறு கிலோவும் போச்சு.

நாலு_சக்கரம்:
ராத்திரி பூரா தார்ப்பாய்க்கு அடியில வெந்தா மாங்கா எடை குறையாதா? குலுங்கி நாலு காய் ரோட்டுல விழாதா?

ஊத்தங்கரை_24:
மண்ணுல இறங்கினா விழும். நடுத்தார்ல போனா எப்படி விழும்?

காரிமங்கலத்தான்:
24 சிரிக்கட்டும். எடைமேடையே கிருஷ்ணகிரி எடைமேடை, அதுல என்ன நம்பிக்கை?

சந்தூரான்:
குலுங்கி நூறு கிலோ விழுமா? எடைச்சீட்டு ரெண்டும் என் டிராயர்ல இருக்கு. இன்னிக்கு ராத்திரிக்குள்ள போட்டோ எடுத்துப் போடுறேன். மறுபடி டிராக்டர் தடத்தைக் காட்டாம, அந்தச் சீட்டுக்குப் பதில் சொல்லுங்க.

நாலு_சக்கரம்:
போடுங்க. சீட்டுல எழுதினது உங்க மாப்பிள்ளை கையெழுத்துன்னு நானும் எல்லாருக்கும் சொல்றேன்.