கதிரின் வீராவுக்கு பிக்கிபேக் பெட்டி போதுமா?

[இரவு 8:05] கதிர்: எல்லோருக்கும் வணக்கம். பட்டறை வைத்திருக்கும் செல்வம் மாமாவிடம் தனியாகக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். முரளி அண்ணனும் பிரியா அக்காவும் கருத்துச் சொன்னால் நல்லது என்பதால் குழுவிலேயே கேட்கிறேன். என் புரோட்டான் வீரா காரில் மாற்றிப் போட்டிருக்கும் மிட்சுபிஷி ஜிஎஸ்ஆர் 4ஜி93டி டர்போ இன்ஜினுக்குக் கொஞ்சம் பெரிய டர்போவும், பழையதைவிட 30 சதவீதம் அதிகமாக ஊற்றும் இன்ஜெக்டர்களும் வாங்கிவிட்டேன். எரிபொருளைச் சரிசெய்ய உதவும் அபெக்ஸி எஸ்-ஏஎஃப்சி பெட்டி, பழையது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இது பிக்கிபேக் வகை, அதாவது இசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எடுக்காமல் அதோடு சேர்த்து மாட்டுவது. பழைய இசியூவுக்குப் பதிலாகப் போடும் தனி இசியூவுக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்குதான். வாங்கலாமா?

[இரவு 8:11] சாந்தி: டர்போ வாங்கிய செய்தியை நானே இப்போதுதான் இங்கே படித்துத் தெரிந்துகொள்கிறேன். செல்வம் அண்ணா, அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி விட்டுவிடாமல், அந்தக் காரை நம்பி நெடுஞ்சாலையில் போகலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

[இரவு 8:20] முரளி: தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து. ஈப்போவில் என் நண்பர் ஒருவர் தம் சத்ரியா காரில் இதே இன்ஜினை ஏற்றி, இதே பெட்டியோடு பல வருடங்கள் ஓட்டினார். பெட்டியைப் பொருத்திய பிறகு அந்தக் கார் இழுத்த இழுப்பை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

[இரவு 8:34] செல்வம் மாமா: முரளி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நண்பர் இன்ஜெக்டரை மாற்றியிருந்தாரா?

[இரவு 8:36] முரளி: இல்லை மாமா. ஹாஃப்கட்டில், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய காரில், வந்த இன்ஜெக்டர்களையே வைத்திருந்தார். பூஸ்டை, அதாவது டர்போ உள்ளே ஊதும் காற்றின் அழுத்தத்தை, மட்டும் சிறிது ஏற்றியிருந்தார்.

[இரவு 8:52] செல்வம் மாமா: அங்கேதான் விஷயம் இருக்கிறது. மிட்சுபிஷி தொழிற்சாலையில் எழுதிய கணக்கு, பூஸ்ட் ஏறும்போது இன்ஜின் கெடக்கூடாது என்பதற்காக எரிபொருளைத் தாராளமாகவே ஊற்றும். அந்தத் தாராளத்தில் ஐந்து சதவீதத்தையோ எட்டு சதவீதத்தையோ எஸ்-ஏஎஃப்சியால் குறைத்துவிட்டால், ஈரமாக எரிந்துகொண்டிருந்த இன்ஜின் சுத்தமாக எரிந்து நன்றாக இழுக்கும். இந்தப் பெட்டிக்கு 1990களில் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த வேலைதான். அந்த வேலைக்கு இன்றும் அது நல்ல பொருள். கதிர் அதனிடம் கேட்கப்போவது வேறு வேலை.

அது என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். இசியூவுக்குப் போகும் வயர்களில் அது வெட்டி நடுவில் உட்காருவது ஒரே ஒரு வயரில்தான், அதாவது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரிலிருந்து வரும் வயரில். மற்றவற்றிலிருந்து இன்ஜின் சுற்றும் வேகமான ஆர்பிஎம்மையும் த்ராட்டில் நிலையையும் வெறுமனே படித்துக்கொள்ளும். இன்ஜெக்டரை அது தொடுவதே இல்லை. சென்சார் 100 என்று சொன்னால், இசியூவிடம் 95 என்று சொல்லும். இசியூ அதை நம்பி 95க்கு உரிய எரிபொருளை ஊற்றும்.

[இரவு 9:01] பிரியா: மாமா, ஒரு சந்தேகம். அந்தக் காற்றின் அளவை இசியூ எரிபொருளுக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறதா? இன்ஜின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவும் அதே எண்ணைத்தானே எடுத்துக்கொள்ளும்? அப்படியானால் இக்னிஷன் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும் நேரமும், மாறிவிடாதா?

[இரவு 9:18] செல்வம் மாமா: பிரியா, இதைக் கேட்காமல் பெட்டியைப் பொருத்தியவர்களின் இன்ஜின்கள்தான் கிள்ளானில் என் பட்டறைக்கு வந்து சேர்கின்றன.

கதிரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இன்ஜெக்டர் 30 சதவீதம் பெரியது என்றால், எரிபொருள் பழைய அளவுக்கு வர, காற்றை ஏறக்குறைய 23 சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டும். டர்போ முழு பூஸ்டில் ஊதிக்கொண்டிருக்கும்போது, இசியூ மட்டும் இன்ஜின் முக்கால் சுமையில் நிதானமாகப் போகிறது என்று நினைத்துக்கொள்ளும். சுமை குறைவாக இருந்தால் தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கலாம் என்பது அதன் பாடம். அதனால் டைமிங்கைச் சில டிகிரி முன்னுக்குத் தள்ளும். காற்றும் வெப்பமும் மிக அதிகமாக இருக்கும் அந்த நேரத்தில், பின்னுக்கு இழுக்க வேண்டிய டைமிங் முன்னுக்குப் போகிறது. விளைவு நாக்கிங், அதாவது எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடித்து பிஸ்டனைத் தட்டுவது.

இன்னும் ஒன்று. அளவுக்கு மீறிக் காற்று வந்தால் எரிபொருளை நிறுத்தி இன்ஜினைக் காப்பாற்றும் ஃப்யூல் கட் இந்த இசியூவில் உண்டு. காற்றைக் குறைத்துச் சொன்னால் அந்தக் காவலும் தள்ளிப்போகிறது. பெட்டியை மாட்டியதும் ஃப்யூல் கட் வருவது நின்றுவிட்டது என்று பையன்கள் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும்.

[இரவு 9:25] கதிர்: இன்ஜினில்தான் நாக் சென்சார் இருக்கிறதே மாமா. அது கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்காதா?

[இரவு 9:37] செல்வம் மாமா: இழுக்கும். ஆனால் தட்டல் நடந்த பிறகுதான் இழுக்கும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு கார் புகைவிட்டுக்கொண்டு வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளும், அவற்றுக்கு நடுவே வெளிச்சத்தில் மின்னும் பொடிகளும் இருந்தன. அந்த மின்னல் பிஸ்டனிலிருந்து உரிந்து வந்த அலுமினியம். திறந்து பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடந்தது. காரணம், பெரிய இன்ஜெக்டரோடு இதே வகைப் பெட்டியை வைத்து, டைமிங் என்ன ஆகிறது என்று யாரும் பார்க்காமல் ட்யூன் செய்ததுதான்.

பெட்ரோலையும் மறந்துவிடாதே. ஜிஎஸ்ஆர் இசியூவின் டைமிங் ஜப்பானில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதப்பட்டது. ஆக்டேனை அளக்கும் ரோன் கணக்கில் அங்கே அது 100ஐ ஒட்டி இருக்கும். நாம் இங்கே மலேசியாவில் போடுவது 95 அல்லது 97. பெட்டி இல்லாமலேயே ஓரளவு நெருக்கடியில்தான் அந்த இன்ஜின் ஓடுகிறது.

[இரவு 9:44] கதிர்: அப்படியென்றால் அடிப்படை டைமிங்கையே மொத்தமாகச் சில டிகிரி பின்னுக்கு வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

[இரவு 9:50] செல்வம் மாமா: பூஸ்டில் தப்பிக்கலாம். ஆனால் நீ கூலிம் போகும்போதும், டோல் சாவடியில் ஊர்ந்து போகும்போதும் அதே பின்தங்கிய டைமிங்தான் இருக்கும். கார் சோம்பலாக இருக்கும், எக்ஸாஸ்ட் சூடேறும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஓரிடத்தில் உள்ள தவறுக்காக எல்லா இடத்தையும் கெடுப்பது நல்ல ட்யூனிங் ஆகாது.

[இரவு 9:58] முரளி: பெரிய இன்ஜெக்டர்தான் பிரச்சினை என்றால், பழைய இன்ஜெக்டரையே வைத்துக்கொண்டு, பெட்டியில் காற்றை அதிகமாகக் காட்டி எரிபொருளைக் கூட்டிக்கொள்ளலாமே மாமா?

[இரவு 10:09] செல்வம் மாமா: நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு ஒரு கூரை இருக்கிறது. 7000 ஆர்பிஎம்மில் இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்ற எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 17 மில்லிவினாடி. ஓர் இன்ஜெக்டர் ஒரு சுழற்சியில் திறந்திருக்க முடிந்த முழு நேரமும் அவ்வளவுதான். நாங்கள் அதில் 85 சதவீதத்துக்கு மேல் போக விடமாட்டோம். பெரிய டர்போவைப் போட்டால் பழைய இன்ஜெக்டர் அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். அதற்குப் பிறகு பெட்டியில் எந்த எண் வைத்தாலும் ஒரு சொட்டுக்கூட அதிகமாக வராது.

பிக்கிபேக் எல்லாமே உதவாதவை என்று நான் சொல்லவில்லை. கிரெட்டியின் இ-மானேஜ் அல்டிமேட் போன்றவை இன்ஜெக்டரையும் இக்னிஷனையும் தனித்தனியாகப் பிடிக்கும். தெரிந்தவர் கையில் அது இந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அதன் விலையோடு வயரிங்கையும் டைனோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், ஹால்டெக் அல்லது மெகாஸ்குவர்ட் போன்ற தனி இசியூவுக்கு அருகில் வந்து நிற்கிறது. அந்தப் பணத்தில் பழைய இசியூவை ஏமாற்றிக்கொண்டே இருப்பதைவிட, அதை எடுத்துவிடுவது மேல்.

[இரவு 10:15] முரளி: என் புரோட்டான் எக்ஸ்50 காருக்கும் ஒரு பெட்டி விற்கிறார்கள். சொருகினால் போதும் என்கிறார்கள்.

[இரவு 10:24] செல்வம் மாமா: அது வேறு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். உன் 1.5 டிஜிடிஐ நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்; அந்தப் பெட்டி எரிபொருளைக் கட்டுப்படுத்துவதில்லை, பிரஷர் சென்சாரின் எண்ணைக் குறைத்துக் காட்டி இசியூவையே பூஸ்டை ஏற்ற வைக்கிறது. இன்றைய இசியூ இன்ஜினின் சுழற்று விசையான டார்க்கைக் கணக்கிட்டு கியர்பாக்ஸுக்கும் சொல்கிறது. பொய்யான எண்ணை வைத்துக் கணக்கிட்ட டார்க்கை நம்பி டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் தன் பிடியை முடிவு செய்யும். வாரண்டி இருக்கும் காரில் இதைச் செய்யாதே. பிஎம்டபிள்யூ என்54 இன்ஜினுக்கான ஜேபி4 போல, காரின் மற்றத் தகவல்களையும் படித்து, ஆபத்து வந்தால் தானே பூஸ்டை இறக்கும் பெட்டிகள் உண்டு. அவற்றை இதோடு சேர்க்கக்கூடாது.

[இரவு 10:31] பிரியா: கதிர், நான் ஒன்று கேட்கிறேன். காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் எரிகின்றன என்று துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இப்போது உன் காரில் இருக்கிறதா?

[இரவு 10:33] கதிர்: இல்லை அக்கா. காரோடு வந்த ஆக்ஸிஜன் சென்சார்தான்.

[இரவு 10:42] செல்வம் மாமா: பிரியா சரியான இடத்துக்கு வந்துவிட்டாள். பழைய சென்சாருக்கு அந்த விகிதம் 14.7க்கு மேலா கீழா என்பது மட்டும்தான் தெரியும், பூஸ்டில் 11.5 ஓடுகிறதா 13 ஓடுகிறதா என்று அதனால் சொல்ல முடியாது. முதலாவதில் இன்ஜின் பிழைக்கும், இரண்டாவதில் உருகலாம். வைட்பேண்ட் இல்லாமல் எந்தப் பெட்டியின் பட்டனை அழுத்தினாலும் அது குருட்டடிதான்.

கதிர், அந்த எஸ்-ஏஎஃப்சி உன் இன்ஜெக்டருக்குப் பொருந்தாது, வாங்காதே. பெரிய டர்போவும் இன்ஜெக்டரும் பொருத்தாமல் வாங்கி வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். இப்போது வைட்பேண்டை வாங்கு. தனி இசியூவுக்குப் பணம் சேர்ந்ததும் டர்போ, இன்ஜெக்டர், இசியூ மூன்றையும் ஒரே நாளில் பொருத்தி டைனோவில் ஏற்றுவோம். சாந்தி, அதுவரை கார் இப்போது இருக்கும் நிலையிலேயே ஓடலாம். இன்ஜின் மாற்றம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு அட்டையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், காப்புறுதிக்காரரிடமும் சொல்லி வை.

[இரவு 10:47] சாந்தி: அட்டையில் இருக்கிறது அண்ணா. காப்புறுதிக்கு நாளை நான் பேசுகிறேன்.

[இரவு 10:49] கதிர்: சரி மாமா, விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டு வரட்டுமா?

[இரவு 10:55] செல்வம் மாமா: கொண்டு வா. வரும்போது இசியூவையும் கழற்றிப் பார்க்க நேரம் வைத்துக்கொள். அந்தக் காலத்து மிட்சுபிஷி இசியூக்களில் கப்பாசிட்டர் கசிந்து பலகையை அரித்துவிடும். மூடியைத் திறந்ததும் மீன் கவிச்சி அடித்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். கப்பாசிட்டர்களின் விலை அற்பம், நானே மாற்றிவிடுவேன். வைட்பேண்ட் சென்சாருக்கு, டர்போவிலிருந்து புகை வெளியேறும் டௌன்பைப்பில் துளையிட்டு நட் வெல்டிங் செய்ய வேண்டும், அதனால் காலை ஒன்பதுக்குள் வந்துவிடு. பைப் ஆறியிருந்தால்தான் கழற்ற முடியும்.