‘ப்ராம்ப்ட்’ தமிழில் என்ன? புதன்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்குமான செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். யுனெஸ்கோ 2024இல் வெளியிட்ட ஆசிரியர் திறன் சட்டகத்தின் ஐந்து கூறுகளை ஒட்டி எழுதியது. மனித மையப் பார்வை, அறநெறி எல்லாம் எப்படியோ ஓடிவிட்டன. செயற்கை நுண்ணறிவிடம் வேலை வாங்க நாம் தட்டும் வாசகமான ‘ப்ராம்ப்ட்’ வந்ததும் வண்டி நின்றுவிட்டது. இப்போதைக்குத் ‘தூண்டல்’ என்று போட்டிருக்கிறேன். புதன் மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும். கைகொடுங்கள்.
– ம.

---

தூண்டல் வேண்டாம், அம்மா. வாசிக்கப்போகிறவர்கள் கல்வி உளவியல் படித்தவர்கள். தூண்டல்–துலங்கல் என்றதும் மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் வந்து நிற்கும். இயற்பியல் ஆசிரியருக்கோ காந்தமும் கம்பிச்சுருளும். மூன்றாவது சுமையையும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்றாதீர்கள்.

‘ஏவல்’ இருக்கிறதே! நன்னூலில் பவணந்தியார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். கேள்வி கேட்பதுபோல் கேட்டு வேலை வாங்குவது ஏவல் வினா. அந்தப் பெட்டியில் நாம் தட்டுவது அதுதானே?
– க.

---

இலக்கணம் சரி, க. ஐயா. ஆனால் பில்லி, சூனியம் என்று சொல்லி நிறுத்தினால் அடுத்து வாயில் வருவது எது? ‘தலைமையாசிரியர் ஏவல் செய்யக் கற்றுக்கொள்வார்’ என்று அச்சில் வந்தால் ஆசிரியர் அறையில் ஒரு வாரத்துக்குச் சிரிப்புதான்.

நம் மரபில் இதற்கு அழகான பேச்சு உண்டு: அடியெடுத்துக் கொடுத்தல். பாட்டின் முதல் சொல்லாகப் பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்கு இறைவன் தந்தது ‘உலகெலாம்’, கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்கு முருகன் தந்தது ‘திகடசக்கரம்’. ஆகவே ‘அடியெடுப்பு’. சுருக்கினால் ‘எடுப்பு’. தமிழிசையில் பல்லவிக்கும் அதுதான் பெயர்.

சொல்ல வந்ததால் இன்னொன்று. அரங்கேற்றத்தில் ‘திகழ்’ என்பதும் ‘தசக்கரம்’ என்பதும் புணர்ந்தால் ‘திகடசக்கரம்’ எப்படி ஆகும், விதியைக் காட்டு என்று சபை மடக்கியதாம். கடைசியில் வீரசோழியம் என்ற இலக்கண நூலிலிருந்து விதி வந்த பிறகுதான் மேலே பாடவிட்டார்கள் என்பது கதை. முருகனே எடுத்துக் கொடுத்த அடிக்கே சான்று கேட்டிருக்கிறார்கள். பொறி சொல்வதற்கு நாம் கேட்க வேண்டாமா?
– சு.

---

கதை பிரமாதம். ஆனால் அங்கே எடுத்துக் கொடுத்தது கடவுள், பாடியது மனிதர். இங்கே ஆசிரியர் எடுத்துக் கொடுக்க, பொறி பாடுகிறது. தவிர, எடுப்பு என்றால் எனக்கு மூக்குதான் தோன்றுகிறது.

நான் பயிற்சி வகுப்பு எடுப்பவன். போன தடவை ஓர் ஆசிரியை ‘ஒளிச்சேர்க்கை, ஐந்து கேள்வி’ என்று தட்டினார். ஐந்தும் ‘வரையறு’, ‘விளக்குக’ வகை. அப்புறம் இப்படி மாற்றினார்: ‘ஏழாம் வகுப்பு. செடி மண்ணைச் சாப்பிட்டுத்தான் வளர்கிறது என்று பாதிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை அசைக்கிற கேள்வி வேண்டும், விடை வேண்டாம்.’ வந்ததில் ஒன்று: காய்ந்த விறகின் எடை எங்கிருந்து வந்தது? வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவர் இரண்டாவதாக எழுதியது வினாவும் இல்லை, ஏவலும் இல்லை. வேலை தெரிந்த ஒருவரிடம் நம் வகுப்பைப் பற்றி விவரம் சொல்வது. பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ‘ப்ராம்ப்ட் போடு’ என்கிறார்கள். அப்படியே விட்டால் என்ன? வெளியிலிருந்து வந்த திசைச்சொல்லைத் தொல்காப்பியரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்.
– ஜ.

---

உட்கார வைத்தவர் வடசொல்லுக்கே ‘வடவெழுத்து ஒரீஇ’ (வட எழுத்தை விலக்கி) என்று நிபந்தனையும் போட்டார், ஜ. ‘ப்ரா’ என்று மெய்யில் சொல் தொடங்காது. ‘ம்ப்ட்’ என்று மூன்று மெய் அடுக்கி நிற்கிறது. நமக்கு ஈரொற்று, அதாவது இரண்டு மெய் அடுத்தடுத்து, வருவதே ய், ர், ழ் இவற்றின் பின்தான். ஒழுங்காகத் தமிழ்ப்படுத்தினால் ‘பிராம்பு’ என்று முடியும். ஆசிரியர் கையில் அதற்கு மிக நெருங்கிய ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. திரும்பவும் கொடுக்க வேண்டாம்.

விளையாட்டை விடுவோம். ஆசிரியர் காலமெல்லாம் கேட்பது அறிவு வினா, விடை தெரிந்தே கேட்பது. பொறியிடம் போனதும் அறியா வினா கேட்கிறார். பதில் பிழையானாலும் பிடிபடாது, அதுவோ தயங்காமல் சொல்லும். முதல் சில நாள் தமக்கு அத்துபடியான பாடத்தில் மட்டும் கேட்டுப் பார்க்கட்டும். சொல் எதுவானாலும் இது கையேட்டில் இருக்கட்டும்.
– க.

---

அதை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன், ஐயா.

தலைமையாசிரியர் பகுதியில் ஒரு வரி: ‘மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் ப்ராம்ப்டில் இடாதீர்கள்.’ எல்லாச் சொற்களையும் இதில் வைத்துப் பார்த்தேன். ‘எடுப்பில்’ புரியவில்லை. ‘ஏவலில்’ பயமாக இருக்கிறது. தனிமடலில் ஒருவர் தந்த ‘தூண்டுரை’ மட்டும் ஒட்டுகிறது. வினைத்தொகை, படித்ததும் பொருள் தெரிகிறது, நாயும் வரவில்லை. மறுப்பு உண்டா?
– ம.

---

சரி, போடுங்கள். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘ப்ராம்ப்ட்’ இருக்கட்டும்.
– ஜ.

---

எனக்கும் சம்மதம். அடியெடுப்பை வேறு எங்காவது பயன்படுத்திக்கொள்கிறேன்.
– சு.

---

பதிவுக்காக: ஏவல்தான் சரி. பேய்க்குப் பயந்து இலக்கணத்தை விட முடியாது.
– க.

---

அனைவருக்கும் நன்றி. தூண்டுரையோடு கோப்பு போய்விட்டது. ஆறாம் பாடத்தில், பொறி இல்லாததை இருப்பதாகச் சொல்லும் ‘ஹாலுசினேஷன்’ காத்திருக்கிறது. ‘மாயத்தோற்றம்’ என்று போட்டிருக்கிறேன்...
– ம.