மோரில் ஊறிய வடை நடுவில் கட்டியாக நிற்பது ஏன்?

கேள்வி (மேற்கு மாம்பலம்):
உளுந்தை இரவு முழுவதும் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சுட்ட வடைகளை மோரில் போட்டேன். மூன்று மணி நேரம் கழித்துப் பிட்டுப் பார்த்தபோது, மேற்புறம் குழைந்திருக்க, நடுவில் மட்டும் வெள்ளையாகக் கட்டி நின்றது. மோரும் புளித்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில் (மயிலாப்பூர்):
சகோதரி, குறை மாவில்தான் இருக்கிறது. உளுந்து 1 மணி நேரம், மிஞ்சினால் 2 மணி நேரம் ஊறினால் போதும். கிரைண்டரில் குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து, மாவில் காற்றேறிப் பந்துபோல் எழும்பும்வரை அரையுங்கள். ஒரு கிள்ளு மாவைத் தண்ணீரில் போட்டால் அது மிதக்க வேண்டும். உப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், இல்லையேல் மாவு நீர்த்துவிடும். தீ மிதமாக இருக்கட்டும்.

பதில் (பெரம்பூர்):
சுட்ட வடையை நேராக மோரில் போடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் 2 நிமிடம் நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல அழுத்தி எடுத்தால், எண்ணெய் நீங்கி, மோர் உள்ளே இறங்க வழி கிடைக்கும். தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, சீரகம் ஆகியவற்றை அரைத்துக் கடைந்த மோரில் கலந்து, கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். சித்திரை வெயிலில் நம் ஊரில் தயிர் சீக்கிரம் புளிக்கும் என்பதால், நான் காய்ச்சி ஆறிய பாலைச் சிறிது சேர்ப்பேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று மாவு மிதந்தது. வடை நடுவரை ஊறியிருந்தது.