உபின் முகாமுக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு

சிங்கப்பூரில் பிள்ளை உயர்நிலை 3 போனதும் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வரும். ஓபிஎஸ், அதாவது அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர் என்ற வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி, புலாவ் உபின் தீவில் நடத்தும் 5 நாள் முகாம். படித்ததும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "போகாமல் இருக்க வழி உண்டா?"

நானும் தேடினேன். மகள் அப்போது சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவமாட்டாள். இவள் கூடாரத்தில் எப்படிப் படுப்பாள், கயாக் என்ற சின்னப் படகில் எப்படித் துடுப்புப் போடுவாள்? சளி என்று சொல்லி கிளினிக்குக்கு அழைத்துப்போனேன், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கிடைக்குமா என்று. டாக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கா" என்று அனுப்பிவிட்டார். மானம் போயிற்று.

அலுவலகத்தில் ஓர் அண்ணனிடம் புலம்பினேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது தாண்டியவர். வேலை பற்றிக் கேட்டால் ரெண்டே வரி பேசுபவர், உபின் என்றதும் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. படகுத்துறை மேலிருந்து கடலில் குதிக்கச் சொன்னார்களாம். கால் நடுங்கியதாம். பின்னால் நின்ற சீனப் பையன் "சேர்ந்து குதிப்போம்" என்றானாம். அந்தப் பையன்தான் இவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். அன்றைக்குத்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இந்த அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியின் வேர் பிரிட்டனின் வேல்ஸில் இருக்கிறது. 1941-ல், போர்க்காலத்தில், கப்பல் மூழ்கினால் இளம் மாலுமிகளைவிட வயதானவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்துத் தொடங்கியது. உடல் பலத்தைவிட மனத்திடத்தைப் பழக்க வேண்டும் என்பது யோசனை. சிங்கப்பூர் சுதந்திரம் வாங்கி இரண்டே வருஷத்தில், 1967-ல், அப்போது அமைச்சராக இருந்த கோ கெங் சுவீ அதைப் புலாவ் உபினுக்குக் கொண்டுவந்தார். உயர்நிலை 3 மாணவர் எல்லோருக்கும் என்ற திட்டம் 2016-ல் அறிவிக்கப்பட்டது. வேறு வேறு பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து குழு அமைப்பார்கள். இந்த ஊருக்குப் புதிதாக வந்த நம் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். வகுப்பில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கலாம், கயாக்கில் முடியாது.

சரி, ஏற்பாடு. மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, அலர்ஜி எல்லாம் எழுதுங்கள், இன்ஹேலரைக் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். சைவமா, ஹலாலா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புது ஷூ வாங்காதீர்கள், சேறு குடித்துவிடும். பழைய ஷூ போதும். துணியை நாளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையாகக் கட்டச் சொல்லுங்கள். அவளே கட்டட்டும், நீங்கள் கட்டாதீர்கள். பிள்ளையிடமிருந்து அழைப்பு வரவில்லையே என்று ஆசிரியரைத் தொல்லை செய்யவும் வேண்டாம் (நான் செய்தேன்).

மகள் வெயிலில் கறுத்துப்போய், கொசுக்கடியோடு திரும்பி வந்தாள். மறுநாளே திருந்திவிட்டாள் என்று சொல்லமாட்டேன், தட்டு இன்னும் தொட்டியில்தான் கிடக்கிறது. ஆனால் இப்போது பல்கலைக்கழகத்தில், நடு இரவில் ப்ராஜெக்ட் சொதப்பினால் எனக்குப் போன் போட்டு அழுவதில்லை. "உபின்ல மழையில கூடாரமே சாஞ்சுது, இது என்னம்மா" என்கிறாள்.

பிள்ளை ரொம்பப் பயந்தால், முகாமுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து பம்போட் என்ற சின்ன மோட்டார் படகில் ஏறி ஒருமுறை உபின் போய் வாருங்கள். 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பிவிடும். காலையிலேயே போங்கள், மதியம் வெயில் தாங்காது.